மரியாதை வயர்

அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பள்ளிக்கூடத்துச் சான்றிதழோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவன் ஃபியூஸ். சின்ன வயதில் சுவிட்ச் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று கழற்றிப் பார்க்கப்போய், தெரு முழுவதையும் இருட்டாக்கிய புண்ணியவான். இருட்டுக்குள்ளிருந்து அக்கா, "எங்க வீட்டு ஃபியூஸ் போயிருச்சு" என்று கத்தியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பதைத் தாண்டி, முன்மண்டை வழுக்கையாகி, தொப்பை எட்டிப் பார்த்த பிறகும் உதிரவில்லை. கடைக்குப் பலகை எழுத வந்த பெயின்டர், "ஃபியூஸ்னு எழுதினா எவன்ணே வண்டியை நம்பி விடுவான்?" என்று தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "வேற பேரு எழுதினா நானே என் கடையைத் தாண்டிப் போயிருவேன்பா. எழுது" என்றான்.

ஒரே ஷட்டர்தான். உள்ளே போனால் நடுவில் பிளைவுட் தடுப்பு. வலது பக்கம் இவனுடைய வயரிங் கடை. இடது பக்கம் அக்கா சீட் தைக்கிற கடை. பைக் சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சைச் சீவி, ரெக்சின் வெட்டித் தைத்து, சுருக்கம் விழாமல் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிற வேலை. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்தவர்கள் எல்லாரும் இப்போது அக்கா தைத்த சீட்டில்தான் உட்கார்ந்து போகிறார்கள். தடுப்பில் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை உண்டு. அதன் வழியாகக் கத்தரிக்கோல் வரும், டீ கிளாஸ் போகும், திட்டு இரண்டு பக்கமும் போய் வரும்.

ஃபியூஸின் கைராசி எக்ஸ்ட்ரா லைட்டில். பெட்டி படுக்கையோடு மலைக்கும் மண் ரோட்டுக்கும் போகிற உயரமான பைக்குகள் இருக்கின்றனவே, அட்வென்சர் பைக் என்பார்கள், அவற்றின் சொந்தக்காரர்களுக்குக் கம்பெனி கொடுத்த ஹெட்லைட் போதாது. முன்னால் இருக்கிற கிராஷ் கார்டுக் கம்பியில் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு லைட் வேண்டும். மாட்டுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு கிளாம்ப், நாலு போல்ட். வயரிங்தான் வேலை. அவசரக்காரன் ஹெட்லைட் வயரையே தோலுரித்து முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுவான். அடுத்த மழையில் வண்டி நடுவழியில் நிற்கும். நம்ம ஃபியூஸ் அப்படியில்லை, பேட்டரியிலிருந்து தனியாகக் கனமான வயர் இழுப்பான். நடுவில் ஃபியூஸ் வைப்பான், பிறகு ரிலே வைப்பான். ரிலே என்பது வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. சொன்னால் கரண்ட்டை உள்ளே விடும், இல்லாவிட்டால் விடாது. அதற்குச் சொல்லுகிற வேலை ஒரு மெல்லிய பச்சை வயருக்கு. அந்தப் பச்சை வயரை இவன் எப்போதும் ஹெட்லைட்டின் பிரைட்டோடுதான் சேர்ப்பான். எதிரே ஆள் வருகிறது என்று ஓட்டுகிறவர் டிம் போட்டால் இந்த இரண்டு லைட்டும் கூடவே அணைந்துவிடும்.

முதல் முறை அதைப் பார்த்தபோது அக்கா ஓட்டை வழியாகக் கேட்டாள், "இத்தனூண்டு வயரு எதுக்குடா?"

"எதிர்ல வர்றவங்க கண்ணு கூசக்கூடாதுல்ல. நாம டிம் அடிச்சா இதுவும் அடங்கிரும்."

"ஓ, மரியாதை வயரா" என்றாள் அக்கா. அன்றையிலிருந்து அதற்கு அதுதான் பெயர். வந்து போகிற மெக்கானிக்குகளுக்குப் புரியாது. இரண்டு பேருக்கு மட்டும் புரியும்.

லைட் போட்டு முடித்ததும் இன்னொரு வேலை உண்டு. வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, லைட் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, வெளிச்சத்தின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். அப்போது வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். காலி வண்டியில் சரியாக இருக்கிற வெளிச்சம், ஆள் ஏறிப் பின்பக்கம் அமுங்கினதும் மேலே எகிறி எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். அதற்கு எப்போதும் அக்காதான் ஆள். தடுப்பைச் சுற்றி வந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் என்ன உனக்கு எடைக்கல்லா?" என்பாள். "எடைக்கல்லு பேசாதுக்கா" என்பான் இவன்.

எதிரே வருகிறவனும் மனுஷன்தான் என்பது வண்டி பெரிதாக ஆக ஆக மறந்துபோகிற விஷயம். ஃபியூஸ் அதை மறக்காதவன் என்று பேர் எடுத்தவன். அப்படிப்பட்டவன்தான் அன்றைக்குக் கோட்டை விட்டான்.

வந்தவர் ஒரு பயணக் குழுவுக்குத் தலைவர். ஆள் நல்ல வாட்டசாட்டம். பளபளக்கிற பெரிய பைக், கையில் மஞ்சள் கவர் போட்ட இரண்டு லைட். சாயந்திரமே கிளம்ப வேண்டும் என்றார். வந்ததும் வராததுமாக இவனை, "மாஸ்டர்" என்றார். அதுவரை இவனை யாரும் மாஸ்டர் என்றதில்லை. சும்மா சொல்லக்கூடாது, இவன் அந்த வார்த்தையிலேயே குளிர்ந்துபோனான்.

"டிம் போட்டாலும் இது எரியணும் மாஸ்டர். ஹேண்டில்ல தனியா ஒரு சுவிட்ச் குடுத்துடுங்க, வேணாம்னா நான் அணைச்சுக்குறேன்."

"எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும் சார்."

"அதெல்லாம் நான் பார்த்துக்குறேன். எங்க குரூப்ல எல்லார்கிட்டயும் இந்த மாதிரி வண்டிதான். போட்டோ எடுத்துப் போட்டேன்னா வரிசையா உங்ககிட்டதான் வந்து நிப்பாங்க, பாருங்க."

ஃபியூஸுக்கு அந்த வரிசை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பச்சை வயரை, டிம்மிலும் எரிகிற பார்க்கிங் லைட்டோடு சேர்த்து, நடுவில் சுவிட்சைக் கொடுத்துவிட்டான். அந்த வண்டி எப்போதோ இடது பக்கம் விழுந்து கிராஷ் கார்டு லேசாக வளைந்திருந்தது. இடது லைட் ஒரு நூல் அளவு கீழே உட்கார்ந்தது. வாஷர் வைத்துத் தூக்கிப் பார்த்தான். முழுசாக வரவில்லை. அக்கா சீட் ஒன்றைக் கொடுக்க ஸ்கூட்டரில் போயிருந்தாள். வந்ததும் ஏற்றி உட்காரவைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சென்டர் ஸ்டாண்டில் நின்ற காலி வண்டியிலேயே அளவைப் பார்த்து, "ஓகே சார்" என்றான். இருட்டத் தொடங்கும் நேரத்தில் வண்டி ஜம்மென்று கிளம்பிப் போனது. அதன் முதுகைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பாலத்தை ஒட்டிய வளைவில் அக்கா ஸ்கூட்டரோடு ஜல்லிக் குவியலில் விழுந்துகிடந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர், இவனுக்கு மாமா, பயத்தில் கோபமாகி நின்றார். பயந்தால் அவருக்குக் கோபம்தான் வரும்.

"எப்படி விழுந்தேன்னு எனக்கே தெரியலைடா" என்றாள் அக்கா இவனைப் பார்த்து. "வளைவுல திரும்பினேன். திடீர்னு எல்லாமே மஞ்சளாயிருச்சு. ரெண்டு லைட்டு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, மாறுகண்ணு மாதிரி. அப்புறம் ரோடே தெரியலை."

ஃபியூஸுக்குப் புரிந்துவிட்டது. மாறுகண். அந்த ஒரு நூல் இறக்கம். வாஷர் வைத்த தன்னுடைய விரல்களையே பார்த்தான்.

"எல்லா வண்டியிலயும்தான் லைட் எரியுது" என்றார் மாமா. "மத்தவங்க எல்லாம் விழவா செய்றாங்க? உனக்குக் கண்ணு மங்குது. ஊசியில நூல் கோக்க முன்ன மாதிரி வரலைன்னு நீதானே சொன்னே? ஒத்துக்கயேன். இனிமே ஸ்கூட்டர் வேணாம்." இவன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுடா, நான் சொல்றது தப்பா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தவன், "ஆமாக்கா. கொஞ்ச நாளைக்கு ஓட்டாம இரேன்" என்றான். மாமா ஸ்கூட்டர் சாவியை எடுத்து இவன் கையில் திணித்தார். இவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஸ்கூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்து, நெளிந்த கண்ணாடியை நிமிர்த்தி, ஒரு மூலையில் நிறுத்தினான். சாவியை ஆணியில் மாட்டினான். எங்கே திரும்பினாலும் அந்த ஆணிதான் கண்ணில் பட்டது. இடத்தை மாற்றி மாட்டினான். அங்கேயும் கண்ணில் பட்டது.

கட்டுப் பிரித்த பிறகு அக்கா கடைக்கு வர ஆரம்பித்தாள். இவன்தான் தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவான், கொண்டுபோய் விடுவான். முன்பெல்லாம் இவனை முந்திக்கொண்டு போய் ஷட்டரைத் திறந்துவைத்து, "வாங்க முதலாளி" என்று கிண்டல் பண்ணுகிறவள். இப்போது எதிரே ஒரு லாரி வந்தால் இவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடி இவனுக்கு வலிக்கும். கையை எடுக்கச் சொல்ல வாய் வராது.

"அக்கா."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

தினமும் இதே கதைதான். ஒரு நாளாவது சொல்லிவிடுவான் என்று பார்த்தால், ஒரு நாளும் சொன்னபாடில்லை. சொல்லாமல் இருப்பதற்கு ஆயிரம் சமாதானம் வைத்திருந்தான். சொன்னால் ஒடிந்த கை ஒடியாத கையாகிவிடுமா? ஊரில் வேறு யாரும் மஞ்சள் லைட் போடவில்லையா? கை முழுசாகச் சரியாகட்டும், பிறகு சொல்லலாம். கை சரியானது. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்பதே புதுச் சமாதானம் ஆனது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது, படிக்க மட்டும் கண்ணாடி போடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அக்கா நம்பவில்லை. "அவருக்கு என்ன தெரியும்? அன்னிக்கு ரோடு தெரியாமப் போனது எனக்கில்ல தெரியும்" என்றாள். தையல் ஒரு இடத்தில் கோணலானால் கண்ணைத் திட்டினாள். கோணலே இல்லாத தையலையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள். ஒருநாள் ரெக்சினை வெட்டப் போனவள் அளவு டேப்பை ஓட்டை வழியாக நீட்டி, "இது எவ்வளவுன்னு படிச்சுச் சொல்லுடா. எனக்குப் பயமா இருக்கு, தப்பா வெட்டிருவேனோன்னு" என்றாள். இவன் டேப்பைப் பார்த்தான். எண்கள் கொட்டை கொட்டையாக இருந்தன. எண் அக்காவுக்குத் தெரிகிறது, தெரிவதை நம்பத்தான் தைரியம் இல்லை என்று இவனுக்குத் தெரியும். படித்துச் சொன்னான். மறுநாளும் டேப் வந்தது. மறுநாளும் படித்துச் சொன்னான். அதைவிடக் கேவலமான வேலையைத் தன் கை செய்ததில்லை என்று அவனுக்கே தோன்றியது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் டீயைக்கூடப் பாதியில் வைத்தான்.

"இந்த மாசத்தோட கடையை விட்ரலாம்னு இருக்கேன்" என்றாள் அக்கா ஒரு மத்தியானம், மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. "உங்க மாமாவும் அதான் சொல்றாரு. கண்ணு போனப்புறம் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கறதுல அர்த்தமில்ல."

இவன் கரண்ட் பார்க்கிற டெஸ்ட் லாம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே பயணக் குழுத் தலைவர் வண்டியோடு வந்து நின்றார். இடது லைட்டுக்குள் தண்ணீர் இறங்கிப் பனி படிந்த மாதிரி இருந்தது.

"மத்தபடி லைட்டு பிரமாதம் மாஸ்டர். எதிர்ல வர்றவங்க எல்லாம் தன்னால ஒதுங்கிடுறாங்க."

"ஒதுங்குறாங்களா?"

"ஆமா, அப்படியே ஓரமா போயிடுறாங்க" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. சீட்டுக்குப் பின்னால் நடக்கிறதும் தெரியாது, லைட்டுக்கு முன்னால் நடக்கிறதும் தெரியாது, அவ்வளவுதான். சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

ஃபியூஸ் ஒரு முடிவுக்கு வந்தான். அக்காவுக்குத் தெரியாமல் இதைச் சரிபண்ணி அனுப்பிவிடுவது. இன்னொருத்தர் விழாமல் இருந்தால் அதுவே போதும், பாவம் பாதி கழிந்த மாதிரி. லைட்டைத் திறந்து காயவைத்து, சீல் வைத்து மூடினான். பார்க்கிங் லைட்டிலிருந்து பச்சை வயரை உருவிப் பிரைட்டின் பக்கம் கொண்டுவந்தான். ஒட்டு மட்டும்தான் பாக்கி. வெயில் இறங்கி, கடைக்குள் மங்கலாகிவிட்டிருந்தது. அளவு பார்க்க வண்டியைச் சுவருக்கு எதிரே நகர்த்தினான். யார் உட்காருவது என்று யோசிக்கும்போதே தடுப்பைச் சுற்றி அக்கா வந்துவிட்டாள்.

"ஏன் என்னைக் கூப்பிடலை?"

"இல்லக்கா, கை வலிக்குமேன்னு."

"உக்கார்றதுக்குக் கை எதுக்கு? இதுக்குக் கண்ணும் வேணாம். இதாவது செய்றேனே" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

அந்த வார்த்தை இவனுக்கு நெஞ்சில் இறங்கியது. வேறு வழியில்லாமல் பச்சை வயரைப் பிரைட் வயரோடு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். சுவரில் மஞ்சளாக இரண்டு வட்டம் விழுந்தது. சாக்பீஸ் கோட்டைத் தாண்டி மேலே. ஒன்று ஒரு நூல் கீழே.

அக்கா சுவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, இவன் விரலுக்கு நடுவில் ஒட்டாமல் நின்ற பச்சை வயரைப் பார்த்தாள். பழைய ஒட்டு விட்டுப்போச்சுக்கா, அதான் புதுசா ஒட்டுறேன் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"இது எப்ப லைட்டு போட்ட வண்டி?"

"நீ விழுந்த அன்னிக்கு."

"மரியாதை வயரு?"

"போடலைக்கா."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா சத்தம் போடுவாள், இரண்டு அறைகூட விடுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"ஆஸ்பத்திரியில நான் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா தடுப்பிலிருந்த ஓட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "தெரிஞ்சுமாடா டேப்பை வாங்கி எனக்குப் படிச்சுக் காட்டினே?"

ஃபியூஸ் அழுதுவிட்டான். நாற்பது வயதுக்கு மேல் கையில் கட்டிங் பிளேயரை வைத்துக்கொண்டு அழுகிறவனைப் பார்க்க நன்றாக இருக்காது. அக்காவும் பார்க்கவில்லை. ஆணியிலிருந்து சாவியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"உங்க மாமாகிட்ட நீ வந்து சொல்லு. என் கண்ணுக்காக நான் யார்கிட்டயும் போய் வாதாட மாட்டேன்."

ஸ்கூட்டர் இரண்டு உதைக்குக் கிளம்பியது. தெருமுனையில் எதிரே ஒரு வேன் வந்தது. இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அக்கா நிதானமாக ஒதுங்கி, அது போனதும் திரும்பிப் போனாள். எப்போதும் சொல்கிற போயிட்டு வர்றேனை அன்றைக்குச் சொல்லவில்லை.

இவன் வயரை ஒட்டி, ஒட்டுக்கு மேல் ரப்பர் ஸ்லீவ் போட்டான். வளைந்திருந்த கிராஷ் கார்டை நிமிர்த்தி மாட்டினான். பிறகு டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரவைத்து அளவைப் பார்த்து லைட்டைத் தாழ்த்தினான். வண்டிக்காரர் வந்து ஸ்டார்ட் பண்ணி, டிம் போட்டுப் பார்த்தார்.

"அணையுதே மாஸ்டர்?"

"அணையணும் சார். அன்னிக்கு நான் போட்டுக் கொடுத்தது தப்பு. இந்த வெளிச்சத்துல கண்ணு கூசி ஒருத்தங்க விழுந்து கை ஒடிஞ்சுருச்சு."

"யாரு?"

"எங்க அக்கா."

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து லைட்டைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாதுங்க" என்றார். போகும்போது மாஸ்டர் என்று சொல்லவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு இவன் போனபோது அக்கா வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மாமாதான் கதவைத் திறந்தார். "என்னடா நடக்குது? அவ பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டு வந்திருக்கா. கேட்டா, உங்க மச்சானைக் கேளுங்கங்கறா."

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஃபியூஸ் அப்படியே சொன்னான். "மாமா, அந்த வண்டிக்கு நான் மரியாதை வயர் போடலை."

"என்ன வயரு?"

கடைக்குள் இரண்டு வார்த்தையில் முடிந்த விஷயம். இங்கே அந்த வார்த்தை செல்லாது. உள்ளே அக்கா சாப்பாட்டு மேஜையில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வருவாளா என்று பார்த்தான். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா கண்ணுல ஒரு கோளாறும் இல்ல மாமா" என்று ஆரம்பித்தான். "அன்னிக்கு எதிர்ல வந்த லைட்டு நான் மாட்டினது. தப்பா மாட்டினேன். தெரிஞ்சே மாட்டினேன். அப்புறம் நீங்க கேட்டப்ப ஆமான்னு சொல்லிச் சாவியையும் வாங்கி வெச்சுக்கிட்டேன்."

மாமா கதவைப் பிடித்தபடியே நின்றார். முகம் கறுத்துவிட்டது. திரும்பி உள்ளே மனைவியைப் பார்த்தார். கண் மங்குகிறது என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

"வாசல்ல நின்னு சொல்லாத" என்றாள் அக்கா உள்ளிருந்து, தையலை நிறுத்தாமலே. "உள்ள வந்து முதல்லேருந்து சொல்லு. நானும் இன்னும் முழுசா கேக்கலை."

ஃபியூஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.